கண்ணாடியை இறக்கிவிட்ட நாட்கள்

காரின் ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினால் உள்ளே எது கேட்கும், எது கேட்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து மைல் வேகம் வரை ஒன்றும் இல்லை. பின்னால் இருப்பவர் பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கும். இருபதைத் தாண்டினால் காதோரத்தில் துணி கிழிவதுபோல ஒரு சத்தம் ஆரம்பிக்கும். பின் ஜன்னல் ஒன்றை மட்டும் இறக்கியிருந்தால் உள்ளே வந்த காற்று வெளியே போக வழியில்லாமல் தொம் தொம் என்று காதை அடைக்கும். அதை ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாராலும் பொறுக்க முடியாது. நான்கையும் இறக்கி முப்பது மைலில் போனால் வெள்ளம் புரளும் ஆற்றின் கரையில் நிற்பதுபோல இருக்கும். பேசுகிறவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும்.

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், மலாக்காவில், இதை நான் அங்குலம் அங்குலமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். எதற்காகப் படித்தேன் என்பதை இத்தனை வருஷமாக இரண்டு பேரைத் தவிர யாருக்கும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் மனைவி பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

சண்டைக்கு முன்னால் நான் ஒரு தோட்டத்து வெள்ளைக்கார மானேஜருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு ஓடிய பிறகு, காரை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காருக்குக் கியர் மாற்றுவதில் ஒரு கோளாறு இருந்தது. இரண்டு பேர் ஓட்டிப் பார்த்துப் பள்ளத்தில் இறக்கிய பிறகு, பழைய டிரைவர் யார் என்று தேடிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பயந்துகொண்டே போனேன். ஆனால் போன முதல் வாரத்திலேயே கொஞ்சம் அரிசி கிடைத்தது. கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப் பட்டை கிடைத்தது. அந்தப் பட்டை இருந்தால் ரோட்டில் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

என் காரில் போனவர் ஆள் சேர்க்கும் ஆபீஸைச் சேர்ந்த ஒரு ஜப்பான் அதிகாரி. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். கத்த மாட்டார். என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கிராணி, ஆபீஸ் கணக்கெழுதுகிறவர், உட்கார்ந்திருப்பார். தமிழர், மூக்குக் கண்ணாடி போட்டவர். இருவரும் உடைந்த மலாயில் பேசிக்கொள்வார்கள். நாளைக்கு எந்தத் தோட்டத்துக்கு லோரி அனுப்புவது, எந்தத் தெருவில் வேலைக் கடுதாசி இல்லாத ஆம்பிளைகள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பின் சீட்டில்தான் முடிவாகும். முன்னால் இருக்கும் என்னை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

நாங்கள் குடியிருந்தது காஜா பெராங்கில், ஒரு வரிசைப் பலகை வீட்டில். எங்கள் சந்தில் பாதிப் பேர் பல தலைமுறையாக அங்கேயே இருந்து மலாய் பேசும் செட்டிக் குடும்பங்கள், மீதிப் பேர் எங்களைப்போல வேலைக்கு வந்து தங்கியவர்கள். ஒரே பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் ரிப்பேர்க்காரர் இருந்தார். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் மனைவி எங்களுக்கு அக்கா. அவர்களுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகன். டயர் கிடைக்காத காலம். தண்ணீர்க் குழாய் ரப்பரை வெட்டி, கம்பி வைத்து முறுக்கி, சக்கரத்தில் மாட்டிக் கொடுப்பார். அந்தச் சைக்கிளில் ஏறினால் எலும்பெல்லாம் குலுங்கும், ஆனால் ஓடும். சொந்த வேலை என்பதால் அவரிடம் கடுதாசி கிடையாது. லோரி சத்தம் கேட்டால் திருப்புளியைப் போட்டுவிட்டுப் பின்பக்க வாய்க்காலில் இறங்கிவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமோ என்னவோ, ஒருநாள் பின் சீட்டில் எங்கள் சந்தின் பெயர் அடிபட்டது. மறுநாள் காலை என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னேன். அவர் நாலு வீட்டில் சொன்னார். மறுநாள் லோரி வந்தபோது சந்தில் பொம்பளைகளும் கிழவர்களும்தான் இருந்தார்கள். காலி லோரி திரும்பிப் போனது.

அன்றிலிருந்து சந்தில் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. சாயங்காலம் நான் வரும் நேரத்துக்கு அண்ணன் ரிப்பேர்க் கொட்டகையில் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டு வைத்திருப்பார். நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். மூன்று வீடு தள்ளி இருந்த செட்டி அம்மாள்கூட வெற்றிலைப் பெட்டியோடு வந்து, மலாயில், "இன்றைக்கு என்ன சேதி?" என்று கேட்பாள். அவள் மகனுக்கும் கடுதாசி இல்லை. நான் உடனே சொல்ல மாட்டேன். முதலில் முகத்தைத் துடைத்துக்கொள்வேன். அக்கா கொடுக்கும் காப்பியைக் குடிப்பேன். காப்பி என்றால் வறுத்த சோளம்தான். குடித்து முடித்த பிறகு, "நாளைக்குக் கடல் பக்கம் போறாங்க, இங்க இல்ல" என்பேன். எல்லோரும் மூச்சு விடுவார்கள். அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் அவர்களுக்குச் சொல்லியனுப்புவார்கள். அந்த மூச்சைக் கேட்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்படி இரண்டு மாதம் போனது. ஒருநாள் அதிகாரி ஓர் ஆபீஸுக்குள் போயிருந்தார். கிராணி மட்டும் காருக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று தமிழில் பேசினார்.

"என்னப்பா, உனக்குப் பிள்ளைங்க எத்தனை?"

"ரெண்டுங்க."

"ரெண்டு எடத்துல லோரி காலியா திரும்பியிருக்கு. துரை என்னைக் கேட்டாரு. காருல மூணு பேரு இருக்கோம். அவரு சொல்லல. நான் சொல்லல."

நான் துணியை எடுத்து, துடைத்த விளக்கையே மறுபடி துடைத்தேன்.

"நான் இன்னும் உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல. அடுத்த தடவை என்னைக் காப்பாத்திக்க நான் சொல்லித்தான் ஆகணும். காது இருக்கறது நல்லதுதான். ஆனா டிரைவருக்கு எதுக்கு அவ்வளவு காது?"

அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எச்சரிக்காமலே காட்டிக்கொடுத்திருக்கலாம்.

அப்படிப் பிடிபட்டவர்களின் தலையை டவுனில் கம்பத்தில் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை காரை எடுத்தபோது நான்கு கண்ணாடிகளையும் கடைசி வரை இறக்கினேன். அந்தக் காலத்து வண்டியில் முன் கண்ணாடியையும் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி வெளியே தள்ளித் திறக்கலாம். அதையும் திறந்தேன். அதிகாரி ஏறி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போனதும், "பாகுஸ்!" என்று கத்தினார். மலாயில் நல்லது என்று அர்த்தம். காற்று அவருக்குப் பிடித்துவிட்டது. பின்னால் கிராணி அவர் காதுக்குள் வாயை வைத்துப் பேச வேண்டியிருந்தது. எனக்குக் காற்றின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. எத்தனை நிம்மதியாக இருந்தது தெரியுமா? கேட்கவில்லை என்றால் எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் நான் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது.

அதோடு விட்டிருந்தாலும் இவ்வளவு வெட்கப்பட மாட்டேன். பயந்தவன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சாயங்காலம் முக்காலியில் உட்கார்ந்தபோது அண்ணன் வழக்கம்போலக் கேட்டார்.

"என்ன தம்பி, இன்னைக்கு என்ன பேச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணே," என்றேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பது அதன் அர்த்தம். லோரி வராது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம். அது எனக்குத் தெரியும். கூட்டத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். அக்கா காப்பி கொடுத்தாள். நான் குடித்தேன். இனிமேல் என்னால் முடியாது, என் காதை நம்பாதீர்கள் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும்; நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் நாளை முதல் அந்த முக்காலி இருக்காது என்பதும் ஒரு காரணம். மனைவியிடமும் சொல்லவில்லை. தினமும், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதிர்ஷ்டம், ஐந்து வாரம் எங்கள் பக்கம் யாரும் வரவில்லை. நான் சொன்னது சரியாகவே இருந்தது. அதனால் நம்பிக்கை இன்னும் கூடியது.

ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் செங் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். கண்ணாடியெல்லாம் இறக்கியிருந்தது. முப்பத்தைந்து மைல். பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடியில், கிராணி ஒரு காகிதத்தைப் பறக்காமல் முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்துக்குத் திரும்பும் செம்மண் பாதையைத் தாண்டினோம். அவர் கையை நீட்டி அந்தப் பாதையைக் காட்டினார். அதிகாரி திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். கிராணி காகிதத்தில் ஏதோ குறித்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கால் தானாக இன்னும் கொஞ்சம் அழுத்தியது. இரைச்சல் கூடியது.

அன்று சாயங்காலம் அண்ணன் தனியாகத்தான் கொட்டகையில் இருந்தார். அந்தத் தோட்டத்தில் அக்காவின் தம்பி பால்வெட்டு வேலை பார்த்தான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மரவள்ளி போட்டிருந்தான்.

"கிழங்கு முத்திப்போச்சாம் தம்பி. நாளைக்கு வெள்ளனப் போய் ஒரு மூட்டை கொண்டாந்துரலாம்னு பாக்குறேன். வீட்டுல ஒண்ணுமே இல்ல. அந்தப் பக்கம் எதாச்சும் பேச்சு இருக்கா?"

கண்ணாடியில் பார்த்த கை என் கண் முன்னால் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், சரியாக என்ன பேசினார்கள் என்று கேட்பார். கேட்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார். ஐந்து வாரமாகவா என்று கேட்பார். ஒரு கையை நீட்டியதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் பேச்சே இல்லண்ணே. போயிட்டு வாங்க."

சனிக்கிழமை காலை, தோட்டத்தில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மூன்று லோரிகள் வந்து நின்றன. களத்தில் இருந்தவர்களையும் ரோட்டில் போனவர்களையும் ஏற்றினார்கள். அண்ணன் கிழங்கைத் தோண்டி மூட்டை கட்டிவிட்டு, சைக்கிளை எடுக்க முன்பக்கம் வந்தபோது பிடிபட்டிருக்கிறார்.

இது எனக்கு அன்று மத்தியானமே தெரியும். ஏனென்றால் அதிகாரியை நான்தான் தம்பின் என்ற ஊரின் ரயில் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலாக்கா டவுனுக்கு வரும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆட்களை லோரியில் தம்பின் வரை கொண்டுபோய்த்தான் ரயிலேற்ற வேண்டும். காரை நிழலில் நிறுத்தினேன். இருவரும் இறங்கிப் போனார்கள். எஞ்சினை அணைத்ததும் எல்லாம் அமைதியாகிவிட்டது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த ஆட்களின் இருமல், ஒரு குழந்தை அழுவது, எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலக் கேட்டது.

"தம்பி!"

நான் திரும்பவில்லை. குரல் தெரிந்துவிட்டது.

"தம்பி, நான்தான்! இங்க பாரு!"

கண்ணை மட்டும் திருப்பினேன். முப்பது அடி தூரத்தில், இரும்புக் கிராதிக்கு அந்தப் பக்கம், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் துப்பாக்கியோடு ஒருவன். அண்ணன் என்னைத் திட்டவில்லை. தன்னை விடுவிக்கச் சொல்லும்படிகூடக் கேட்கவில்லை.

"மூட்டை மச்சான் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால இருக்கு. அவள எடுத்துக்கச் சொல்லு! அழுகிடப் போகுது!"

துப்பாக்கிக்காரன் அவர் தோளில் ஓர் உதை விட்டான். நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தேன். கேட்டது என்று தலைகூட ஆட்டவில்லை. அதிகாரி திரும்பி வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார்; எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். அப்போது கேட்டிருக்கலாம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், என் சொந்தக்காரர், என் சைக்கிளைச் சரி பண்ணுகிறவர் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். விட்டிருப்பாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை என்பது தெரியும். சிகரெட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அக்காவுக்குச் சேதி அதற்குள் வந்துவிட்டிருந்தது. அவள் தம்பி பால்மரக் காட்டுக்குள் ஓடித் தப்பி வந்து சொல்லியிருந்தான். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"தம்பி, ஒங்களுக்குத் தெரியாமலா நடந்துச்சு?"

"எனக்குத் தெரியாதுக்கா. காருல பேசவே இல்ல."

"பேசியிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க," என்றாள். எனக்காக அவளே சொல்லிக்கொண்டாள்.

கிழங்கு மூட்டையைப் பற்றி மட்டும் சொன்னேன். ஒரு தோட்டத்து ஆள் ரோட்டில் என்னிடம் சொன்னதாகச் சொன்னேன். ஸ்டேஷனில் பார்த்தேன் என்றால், ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்ற கேள்வி வரும். ஞாயிற்றுக்கிழமை நானே சைக்கிளில் போய் மூட்டையைக் கொண்டுவந்தேன். அடியில் கொஞ்சம் கறுத்திருந்தது. அக்கா அதை அவித்து, பாதியை ஒரு கோப்பையில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "நீங்க அவ்வளவு தூரம் மிதிச்சுப் போனீங்களே," என்றாள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். எனக்கும் பசி. நானும் சாப்பிட்டேன்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து கொட்டகை பூட்டிக் கிடந்தது. யாரும் என்னிடம் சேதி கேட்க வரவில்லை. செட்டி அம்மாள் தன் மகனை எங்கேயோ அனுப்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். என் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. பாவம், அவனுக்கே தெரியவில்லை என்றுதான் பேசிக்கொண்டார்கள். சண்டை முடியும் வரை நான் அந்தக் காரை அப்படியே, கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன்.

ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். போனதில் பாதிகூட வரவில்லை. அண்ணன் வந்தார். இடது காலில் புண் வந்து நாலு விரலை வெட்டியிருந்தார்கள். பாதி ஆளாக இருந்தார். பத்து நாள் கழித்துத்தான் அவரைப் பார்க்கப் போக எனக்குத் தைரியம் வந்தது. அக்கா அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"தம்பி, அன்னைக்கு ஸ்டேஷன்ல நான் கத்துனது ஒனக்குக் கேட்டுச்சோ இல்லையோன்னு ரயிலு பூரா நெனச்சுக்கிட்டே போனேன். மூட்டை வந்து சேந்துச்சுன்னு இவ சொன்னா. நல்லது."

அக்காவின் கை நின்றது.

"ஸ்டேஷன்லயா? யாரோ தோட்டத்து ஆளு சொன்னதாத்தானே தம்பி சொன்னாரு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது சமாளித்துச் சொல்லிவிடுவார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். அவரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். கிராணி சொன்னது, கண்ணாடியை இறக்கியது, தினமும் ஒன்றும் இல்லை என்று சொன்னது, செங் ரோட்டில் கை நீட்டியதைப் பார்த்தது. சொல்லும்போது, காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை, காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அக்கா கத்தவில்லை. கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"நீங்க பயந்தது தப்பில்ல தம்பி. யாருக்குத்தான் பயமில்ல? தெரியலன்னு சொல்லியிருக்கலாமே. தெரியலன்னு சொல்லியிருந்தா இவரு போயிருக்க மாட்டாரே."

அண்ணன், "விடும்மா, கஞ்சியைக் குடு" என்றார். என்னை மன்னித்தாரா, அந்தப் பேச்சே வேண்டாம் என்று நினைத்தாரா, தெரியவில்லை. நான் எழுந்து வந்தேன். பலகைச் சுவர், என் மனைவிக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"எங்கிட்டயுமா?"

பிறகு ஒன்பது வருஷம் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. அண்ணன் உட்கார்ந்தபடியே ரிப்பேர் வேலை செய்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். என் மகளுக்குச் சடங்கு செய்தபோது அக்காதான் முன்னால் நின்று எல்லாம் பார்த்தாள். ஆனால் என்னிடம் எதையும் கேட்க மாட்டாள். மணி என்ன என்றுகூடக் கேட்க மாட்டாள். நான் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது, பஸ் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், என்னைத் தாண்டி நடந்து ரோடு வரை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கோபமாகச் செய்வதில்லை. என் வாயிலிருந்து வருவதை நம்பி ஒரு காரியம் செய்ய அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு அண்ணனும் அக்காவும் சிரம்பானில் மகன் வீட்டோடு இருக்கப் போனார்கள். லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது நானும் கை கொடுத்தேன். கட்டில், பீரோ, அண்ணனின் கருவிப் பெட்டி. எல்லாம் ஏற்றிய பிறகு அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு வாசலுக்கு வந்தாள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அவளிடம் சொல்ல ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய இருந்தன.

"எல்லாம் ஏத்தியாச்சாக்கா?" என்றேன்.

"ஆச்சு," என்றாள். லோரியில் அண்ணனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.